சாம்பல் தீர்மானிக்கும் கொதிகலன்

நிலக்கரி முழுவதும் எரிந்து தீர்வதில்லை. அதிலுள்ள கரிமம் வெப்பத்தைத் தந்து வாயுவாகிவிடும். பூமிக்கடியில் அதோடு கலந்த சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு போன்ற கனிமங்கள் சாம்பலாக எஞ்சும். கனமான சாம்பல் உலையின் அடியில் விழுகிறது. நுண்ணியவை சூடான புகையோடு பறந்து, நீராவிக் குழாய்களின் ஊடே நுழைந்து புகைபோக்கியை நோக்கிச் செல்கின்றன. இதுவே பறக்கும் சாம்பல். இதன் அளவும் குணமும்தான் ஒரு கொதிகலன் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

நிலக்கரிக்கு நிலக்கரி சாம்பல் மாறுபடும். இந்தியச் சுரங்கங்களின் நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் உண்டு. தமிழகத்தின் அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சர் பகுதியிலிருந்து வரும் கரியும் இவ்வகைதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஆனால் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். 40 விழுக்காடு சாம்பலுள்ள கரியை எரிக்கும் 500 மெகாவாட் அலகு முழுத் திறனில் இயங்கினால், நாளொன்றுக்குச் சுமார் 3,000 டன் சாம்பல் வெளியேறும்.

மூன்று வகைக் கொதிகலன்கள்

மிகப் பழைய முறை, கரியைக் கம்பித்தட்டின் மேல் பரப்பி எரிப்பது. தட்டின் கீழிருந்து காற்று வரும். நகரும் தட்டு உள்ள அமைப்பில் ஒரு முனையில் கரி விழுந்து, எரிந்தபடியே நகர்ந்து, மறுமுனையில் சாம்பலாகக் கொட்டும். கரி கட்டிகளாகவே எரிவதால் சாம்பலின் பெரும்பகுதி தட்டிலேயே தங்கிவிடும். புகையோடு பறப்பது குறைவு. நடுத்தர ஆலைகளுக்கு இது போதும். ஆனால் பெரிய மின்நிலையத்துக்குத் தேவையான நீராவியை இதிலிருந்து பெற முடியாது. எரியாத கரியும் சாம்பலோடு வீணாகிறது.

இரண்டாவது, கரியைத் தூளாக்கி எரிப்பது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள ஒனைடா தெரு மின்நிலையத்தில் 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெற்றி கண்ட இம்முறையே இன்று உலகின் பெரும்பாலான நிலக்கரி மின்நிலையங்களில் உள்ளது. அரைத்த தூளில் ஏறத்தாழ 70 விழுக்காடு 75 மைக்ரானுக்கும் சிறியதாக இருக்க வேண்டும். அது காற்றோடு உலைக்குள் பாய்ந்து சில நொடிகளில் எரிந்துவிடும். திறன் அதிகம், அதற்கு ஈடாகச் சாம்பலில் ஏறக்குறைய 80 விழுக்காடு புகையோடு பறக்கிறது. 1,300 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சுடரில் உருகிய கனிமத் துளிகள் பறக்கும்போதே குளிர்ந்து, கண்ணாடித் தன்மையுள்ள நுண்கோளங்களாகின்றன.

மூன்றாவது, மிதவைப் படுகைக் கொதிகலன். மணலும் சாம்பலும் நிறைந்த படுகையின் அடியிலிருந்து காற்றை வேகமாகச் செலுத்தினால், பானையில் அரிசி கொதிப்பது போல மொத்தமும் பொங்கிப் புரளும். அதில் விழும் கரி 800 முதல் 900 டிகிரியிலேயே எரிந்துவிடும். இந்த வெப்பத்தில் சாம்பல் உருகாது; நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைவாகவே உருவாகும். சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தால் கந்தகம் உலைக்குள்ளேயே பிடிபடும். தரம் குறைந்த, ஈரமான எரிபொருளுக்கு இது ஏற்றது. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் உள்ள இரண்டு 250 மெகாவாட் அலகுகளில் துகள்கள் மீண்டும் மீண்டும் உலைக்குத் திரும்பும் சுழல் மிதவைப் படுகை முறை அமைந்துள்ளது. சுண்ணாம்புக்கல் சேர்ப்பதால் சாம்பலின் அளவு கூடுவதும், ஓயாத உரசலில் குழாய்களும் உட்பூச்சும் தேய்வதும் இதன் குறைகள்.

படிவதும் அரிப்பதும்

பறக்கும் சாம்பல் கொதிகலனுக்கு இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. ஒன்று படிவது. உலைச் சுவரில் பாதி உருகிய நிலையில் மோதும் சாம்பல் ஒட்டி இறுகிக் கட்டியாகிறது. உலையைத் தாண்டியுள்ள குழாய்க் கற்றைகளில் சோடியம், பொட்டாசியம் சேர்மங்கள் பசைபோல் படிய, அவற்றின் மேல் சாம்பல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. சாம்பல் போர்வை வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. அந்த வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும். புகையின் வெப்பநிலை சுமார் 22 டிகிரி கூடினால் கொதிகலனின் திறன் ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு.

இன்னொன்று அரிப்பு. இந்தியச் சாம்பலில் சிலிக்கா மிகுதி. அது உயர் வெப்பத்தில்தான் உருகும் என்பதால் ஒட்டுவது ஓரளவு குறைவு; ஆனால் கடினமான குவார்ட்ஸ் துகள்கள் குழாயைத் தேய்த்துத் துளையாக்கிவிடும். புகையின் வேகம் இரட்டித்தால் அரிப்பு எட்டு மடங்குக்கும் மேல் பெருகக்கூடும். அதனால்தான் இந்தியக் கரிக்கான கொதிகலன்கள் அகலமாகவும், குழாய்களுக்கிடையே கூடுதல் இடைவெளியோடும் கட்டப்படுகின்றன. புகை மேலேறித் திரும்பிக் கீழிறங்கும் அமைப்பில், திருப்பத்தில் துகள்கள் ஒருபக்கம் ஒதுங்கி அங்குள்ள குழாய்களை அதிகம் தேய்க்கும். கோபுர வடிவக் கொதிகலனில் எல்லாக் குழாய்களும் உலைக்கு நேர்மேலே இருப்பதால் இத்தொல்லை குறைவு. கட்டுமானம் மட்டும் மிக உயரமாகிவிடும்.

துப்புரவும் பாதுகாப்பும்

படிவை அகற்ற, சூட் ப்ளோயர் எனப்படும் கருவிகள் நீராவியைப் பீய்ச்சிக் குழாய்களைக் கழுவுகின்றன. அளவுக்கு மீறிப் பீய்ச்சினால் நீராவி வீணாவதோடு குழாயும் தேயும். குறைத்தால் படிவு இறுகிவிடும். ஆகவே புகையின் வெப்பநிலையையும் அழுத்த வேறுபாட்டையும் கவனித்துத் தேவையான இடத்தில் மட்டும் இயக்குவதே முறை. சிறிய ஆலைகளில் கொதிகலனை நிறுத்திவிட்டுக் குழாய்களைத் தூரிகையால் சுத்தம் செய்வார்கள்.

அடிச்சாம்பலை அலட்சியம் செய்வது உயிருக்கே ஆபத்து. 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாகார் அனல்மின் நிலையத்தில், உலையின் அடியில் கிளிங்கர் எனப்படும் இறுகிய சாம்பல் கட்டிகள் திரண்டு அடைத்திருந்த நிலையில் நேர்ந்த விபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கொதிகலனைத் தாண்டிய புகையிலிருந்து சாம்பலைப் பிரிப்பது ஈ.எஸ்.பி. எனப்படும் நிலைமின் வடிப்பான். உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் தகடுகளில் ஒட்டும். சுத்தியல்கள் தட்ட, அவை கீழுள்ள ஹாப்பர் எனும் தொட்டிகளில் விழும். கந்தகம் குறைந்த இந்தியக் கரியின் சாம்பல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே இங்கு பெரிய வடிப்பான்கள் வேண்டும். ஹாப்பர் குளிர்ந்தால் சாம்பல் ஈரமாகி இறுகும். அதனால் சூடேற்றிகள் பொருத்தி, அளவுமானிகளைக் கண்காணித்து, நிரம்புவதற்குள் காலி செய்ய வேண்டும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 2017 முதல் நிறுவப்படும் நிலையங்களின் புகையில் துகள் ஒரு கனமீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிடித்த சாம்பலை நீரில் கரைத்துக் குளங்களில் தேக்குவது பழைய வழக்கம். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசியில் கிங்ஸ்டன் சாம்பல் குளம் உடைந்து ஆற்றையும் வீடுகளையும் மூடியது, அதன் அபாயத்தைக் காட்டியது. உலர்ந்த நிலையில் சேகரித்தால் அதே சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் மூலப்பொருள். இந்தியத் தர விதிகள் போசலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை அதைச் சேர்க்க இடம் தருகின்றன. தூள்கரி உலையின் கண்ணாடிக் கோளச் சாம்பல் இதற்கு மிகவும் பொருந்தும். உருகாத மிதவைப் படுகைச் சாம்பலில் சுண்ணாம்பு கலந்திருப்பதால், அதைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.