அறுபதுக்குமேல் காதுக்கு ஒரு பாடம்

"வீட்டில் பேசினால் கேட்கிறது. கல்யாண வீட்டில்தான் ஒன்றும் புரியமாட்டேன் என்கிறது." அறுபதைத் தாண்டிய பலர் காது மருத்துவரிடம் சொல்லும் குறை இது. சென்னைத் திருவான்மியூர்க்காரர்களுக்கு இது தெரியவரக் கல்யாண மண்டபம்வரை போகவேண்டியதில்லை. மாலை நேரத்து எல்.பி. சாலையில் கூடவே நடந்துவரும் பேரன் சொல்வதும், பங்குனித் திருவிழாவில் மருந்தீசுவரர் கோயில் வாசலில் மேளச் சத்தத்துக்கிடையே பழைய சிநேகிதி கேட்பதும் சத்தமாகக் காதில் விழும், சொல்லாக விழாது. "என்ன, என்ன?" என்று சில முறை கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு புரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். கடைசியில் வெளியே போவதையே குறைத்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசிப் படிதான்.

இவர்களில் சிலருக்குப் பரிசோதனை அறிக்கை "காதில் பெரிய குறை இல்லை" என்றே வரும். அறிக்கை பொய் சொல்லவில்லை. வழக்கமான ஆடியோகிராம், சத்தமே இல்லாத அறையில் எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்பதைத்தான் அளக்கிறது. கூட்டத்தில் பேச்சு புரிகிறதா என்பதை அளக்க, இரைச்சலோடு சேர்த்து வாக்கியங்களைக் கேட்கவைக்கும் தனிச் சோதனை இருக்கிறது. பலருக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தெரிவதில்லை.

உட்காதின் நத்தைச்சுருளில், காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. போனவை திரும்ப முளைக்காது. வயதாக ஆக, உயர்ந்த சுருதிகளை வாங்கும் செல்கள்தான் முதலில் கெடுகின்றன. உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருப்பதால் அவை தப்பிவிடும். மெய்களைப் பிரித்துக்காட்டும் நுணுக்கங்களில் பல மேலே இருக்கின்றன. அவை மெலிந்த ஒலிகளும்கூட. பேருந்து உறுமும் இடத்தில் கடை, தடை, படை, சடை எல்லாம் ஒன்றுபோலவே விழுவது இதனால்தான். 2009இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் இருவரும் எலிகளில் இன்னொன்றையும் கண்டார்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு மயிர்ச்செல்கள் பிழைத்து, கேட்கும் திறன் பழைய அளவுக்கு மீண்டாலும், செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பாதிவரை அழிந்துபோயிருந்தன. ஆடியோகிராமில் அகப்படாத இழப்பு அது.

காது அனுப்பும் செய்தியைப் பிரித்தெடுப்பது மூளையின் வேலை. முதுமையில் அந்த நரம்புத் துடிப்புகள் தாளம் தப்பிய மிருதங்கம்போல இம்மி பின்தங்கத் தொடங்குகின்றன. இந்தப் பின்னடைவைத் திருப்ப முடியுமா? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சமிரா ஆண்டர்சன், நினா கிராஸ் குழுவினர் 55 முதல் 70 வயதுவரை உள்ளவர்களுக்கு எட்டு வாரங்களில் 40 மணி நேரம் கணினிவழிக் கேட்புப் பயிற்சி கொடுத்தார்கள். வேகமாக மாறும் மெய்யொலிகளைப் பிரித்தறிவதும், கேட்டதை நினைவில் வைப்பதும் அதில் இருந்தன. இன்னொரு குழு கல்விப் படங்களைப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களின் நரம்புத் துடிப்பு விரைந்தது. இரைச்சலில் பேச்சும் கூடுதலாகப் புரிந்தது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது.

2017இல் பாஸ்டனில் டேனியல் போலியின் குழு, ஹியரிங் எய்டு அணியும் முதியவர்களிடம் ஒரு விளையாட்டைக் கொடுத்தது. இரைச்சலுக்குள் ஒலி நுட்பமாக மாறுவதைக் காதால் பின்தொடர்ந்து, திரையில் ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். வாரம் மூன்றரை மணி நேரம், எட்டு வாரம். இரைச்சலில் அவர்கள் சரியாகப் பிடித்த சொற்கள் 25 சதவீதம் கூடின. விளையாட்டை நிறுத்தியபின் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

பலன் தெரியாத ஆய்வும் உண்டு; அதை மறைக்கக் கூடாது. 2016இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 279 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், ஹியரிங் எய்டோடு லேஸ் என்ற வீட்டுப் பயிற்சியைச் சேர்த்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. எட்டே வாரத்தில் காது இளமையாகும் என்று யாராவது செயலி விற்றால் நம்பாதீர்கள். எந்தப் பயிற்சி, யாருக்கு, எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

நமக்கு மிக நெருக்கமான வழி சங்கீதம் என்று நான் நினைக்கிறேன். டொராண்டோவில் பெஞ்சமின் செண்டலும் குளோட் அலைனும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்வதில் 70 வயது இசைக்கலைஞர், இசை பயிலாத 50 வயதுக்காரருக்கு இணை. வாழ்நாள் சாதகம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே ஊரில் ஃபிராங்க் ரூசோவின் குழு, கேட்புத் திறன் குறைந்த முதியவர்களைப் பத்து வாரம் சேர்ந்திசை பாடவைத்தது. அவர்களுக்கும் இரைச்சலில் பேச்சு கூடுதலாகப் புரிந்தது. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகத்தில் சாந்தினி ஜெயின், ஹிஜாஸ் முகமது, அஜித் குமார் மூவரும் கர்நாடக ராகங்கள் இரண்டை அடையாளம் காண எட்டு அமர்வுகள் பழக்கினார்கள். பழகியவர்களுக்கு இரைச்சலில் பேச்சு முன்பைவிட நன்றாகப் புரிந்தது. பயிற்சி பெற்றவர்கள் பத்தே பேர், எல்லாரும் 25 வயதுக்குட்பட்டவர்கள். 2015இல் வந்த அந்த முயற்சியை நம் முதியவர்களிடம், பெரிய அளவில் செய்து பார்க்கவேண்டும்.

அதற்குத் திருவான்மியூரைவிட ஏற்ற இடம் எது? ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா இங்கே இருக்கிறது. பக்கத்து சாஸ்திரி நகரில், கேட்புக் குறையுள்ள மழலைகளைக் கேட்டுப் பேசப் பழக்கும் பால வித்யாலயா 1969 முதல் நடக்கிறது. கேட்பதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதைக் குழந்தைகளிடம் நிரூபித்த வட்டாரம் இது. தாத்தா பாட்டிகளுக்கும் அதே பொறுமையோடு சொல்லிக்கொடுக்கவேண்டும். அதுவும் தமிழில், நம் தெருச் சத்தத்தைப் பின்னணியாக வைத்து. ஆங்கில வாக்கியங்களைக் கேட்டுப் பழகுவது தமிழ்ச் சந்தைக்கு அவ்வளவு உதவாது.

பயிற்சிக்குக் காத்திராமல் வீட்டார் இன்றே செய்யக்கூடியவை இரண்டு. பேசும் தூரத்தைப் பாதியாக்குங்கள்; திறந்த வெளியில் குரல் 6 டெசிபல் கூடுதலாக வந்து சேரும். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். உதட்டசைவைப் பார்ப்பது 15 டெசிபல்வரை இரைச்சலைக் குறைத்ததற்குச் சமம் என்று 1954லேயே சம்பி, பொலாக் என்ற இருவர் அளந்திருக்கிறார்கள். காதருகில் கத்துவது முகத்தை மறைக்கிறது, குரலையும் சிதைக்கிறது.

ஹியரிங் எய்டு தேவை என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்; காதுக்கே வராத ஒலியை மூளையால் பிரிக்க முடியாது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, "இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்றும் சோதியுங்கள்" என்று கேளுங்கள். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் போன்ற அரசு மருத்துவமனைகளில், தமிழில் அமைந்த கேட்புப் பயிற்சியும் வாரம் ஒரு சேர்ந்திசை வகுப்பும் முதியவர்களுக்கு இலவசமாகக் கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும்.