நன்னன் நாட்டு மலைவழி

வெம்பாக்கத்தினின்று செய்யாறு, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, போளூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்வார்க்குச் சவ்வாது மலை எதிர்ப்படும். இன்று பேருந்தேறியவர் அன்றே சமுனாமரத்தூரை அடைவர். இம்மலைநாட்டைக் காலால் நடந்து, இடையிடையே இராத் தங்கிச் சென்ற காலத்துக்கு வழிகாட்டி நூல் ஒன்று உண்டு. அஃது உ. வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டின் இறுதிக்கண் நிற்கும் மலைபடுகடாம். அதனைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கொள்வார்க்கு இப்பயன் புலப்படாது.

583 அடிகளையுடைய இப்பாட்டைப் பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்வரும் கூத்தர் சுற்றத்துக்கு வழி கூறுவதாக இஃது அமைந்துள்ளது. அதிற் கூறப்படும் சேயாறே நம் செய்யாறு.

இரவில் ஏன் நடத்தலாகாது? தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காகக் கானவர் வழியிற் பெருங்கற்பொறிகளை வைத்திருப்பர். இவற்றை அடார் என்ப. இருளில் அவை கண்ணுக்குப் புலனாகா. ஆதலின் விடியுமளவும் தங்கிச் செல்க என்கின்றான். பாம்பு ஒடுங்கிய குழிகளும் உள. பாசி படர்ந்து வழுக்கும் இடங்களிற் சிறுமூங்கிலையும் எருவைக் கோலையும் பற்றிக்கொண்டு நடக்கவேண்டும். அச்சுறுத்தல் அவன் கருத்தன்று. ஒவ்வோர் இடருக்கும் உடனே உபாயம் கூறுகின்றான்.

தங்குமிடங்களோ பல. மலைமேல் இருட்டினால், தம் வீட்டிற் புகுவதுபோலக் கற்குகையிற் புகுந்திருக்கலாம். கீழே ஆட்டு மந்தையருகே பொழுது சாய்ந்தால், சமைக்கும் வருத்தமின்றிப் பாலும் கூழும் கிடைக்கும். ஆட்டுத்தோற் படுக்கையில், தீயைத் துணையாகக் கொண்டு உறங்கலாம். (இக்காலத்துக் காப்புக்காட்டில் தீ மூட்டுதல் குற்றமாதலின், அதனைப் படித்தின்புறுவதோடு நிற்க.)

வழிகள் பிரியும் இடங்களில் வீரர் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும். காலத்தாற் பிற்பட்ட அத்தகைய கற்கள் செங்கத்தைச் சூழப் பல கிடைத்து, 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாயின.

அக்கவர்வழிகளிற் கூத்தர் ஒன்று செய்தல் வேண்டும்: வழி கூடுமிடத்தைத் துடைத்து, புல்லை முடிந்திட்டுச் செல்க என்கின்றான். பாட்டு முழுதிலும் யாம் பெரிதும் வியப்பது இதுவே. கூத்தர் தாமே அந்நிலத்துக்குப் புதியர். பின்வருவோரும் அதே வள்ளலிடம் பரிசில் நாடி வருவோராகலாம். ஆயினும், தாம் அறிந்த வழியை அவர்க்கும் அறிவித்த பின்னரே மேற்செல்லுமாறு கூறுகின்றான்.