உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்கையில் ராஜகோபுரம்!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி! அதன் போட்டோவை எந்த மொபைல் திரைக்குள்ளும் அடக்க, வலைப்பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ்ஸில் எத்தனை வரி வேண்டும்? மேக்ஸ்-விட்த்: 100%. ஹைட்: ஆட்டோ. இரண்டே வரி!

இரண்டாவது வரியை விட்டுவிட்டால்? அங்கேதான் வேடிக்கை! 3000க்கு 4000 பிக்சல் போட்டோ. வலைப்பக்கத்திலும் அதே அளவை எழுதியாயிற்று. 360 பிக்சல் மொபைலில் அகலம் சுருங்கும். உயரமோ 4000-ஐ விட்டு இறங்காது! கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன்: நிஜக் கோபுரத்தை அதே விகிதத்தில் இழுத்தால் 1,967 அடி! பாரிஸ் ஈஃபில் கோபுரமே 1,083 அடிதான்!

இன்னொன்று கேளுங்கள். சிஎஸ்எஸ் படத்தைச் சுருக்கித்தான் காட்டும். இறங்குவது முழுப் படம்! அந்தப் போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். மும்மடங்கு அடர்த்தித் திரை என்றாலும் உங்கள் மொபைல் காட்டுவது 15,55,200தான். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நீங்கள் வீணாக இறக்கியது 1 கோடிக்கும் மேல்!

அதற்கும் மருந்து உண்டு: எஸ்ஆர்சி-செட்! ஒரே படத்தைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வைத்துவிட்டால், எது வேண்டும் என்று பிரவுசரே பொறுக்கிக்கொள்ளும். வேர்ட்பிரஸ் 2015 டிசம்பரிலேயே இதைத் தானாகச் செய்யத் தொடங்கிவிட்டது!

திருச்சி மலைக்கோட்டையின் நெட்டுக்குத்துப் படத்தை அகலப் பெட்டியில் ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர் என்று போட்டால் உச்சிப் பிள்ளையார் கோயிலே வெட்டுப்பட்டுப் போகும்! ஆப்ஜெக்ட்-பொசிஷன்: டாப் என்று சேருங்கள். பிள்ளையார் திரும்ப வந்துவிடுவார்!

ராஜகோபுரம் நிறைவடைந்தது 1987. ஹோக்கன் வியும் லீ சிஎஸ்எஸ் யோசனையை வெளியிட்டது 1994. இடைவெளி 7 வருஷம்தான்!

திரைக்கேற்ப வளையும் வடிவமைப்புக்குப் பெயர் சூட்டி ஈத்தன் மார்காட் எழுதியது 2010 மே மாதம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா மறைந்தது 2008. இருந்திருந்தால் இதை ஒரே பத்தியில் நமக்குப் புரியவைத்திருப்பார்!

திரைக்கேற்ப வேறு வேறு படத்தைக் காட்ட உதவும் 'பிக்சர்' டேக் குரோம் பிரவுசருக்கு வந்த கதை தெரியுமா? அந்த வேலையைச் செய்து முடிக்க யோவ் வைஸ் என்ற புரோகிராமர் இணையத்தில் உண்டியல் வைத்தார்! கேட்டது 10,000 டாலர். கேட்டதற்கு மேலேயே விழுந்தது. 2014-லேயே குரோமில் வந்தும்விட்டது!