புள்ளி போட்ட கொப்பி

புள்ளித்தாள் என்றதும் புதிதாக ஏதோ வந்திறங்கியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்கு முன் லயத்து வீடுகளில் தேடி எடுக்கப்படும் கோலக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளை பாதியில் விட்ட சதுரக் கோட்டுக் கொப்பிதான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலங்கள். ஓரத்தில் ஒரு குறிப்பு: "இடைப்புள்ளி, 7 தொடங்கி 4 வரை." செய்முறை அவ்வளவுதான். நடுவரிசையில் 7, அதன் மேலும் கீழும் முந்திய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக 6, 5, 4 என்று 37 புள்ளிகளும் அந்த ஒரு வரியிலிருந்தே வந்துவிடும். இப்படிச் சில விதிகளிலிருந்து முழுக் கோலமும் எப்படி விரிகிறது என்பதைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் விளக்கி, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

'டொட் கிரிட்' என்று இப்போது விற்கும் கொப்பி அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பெரும்பாலும் ஏ-5 அளவு, 5 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி, வெளிர் சாம்பல் நிறம். கோட்டுக் கொப்பியில் படம் வரைந்தால் கோடு படத்துக்குள் ஓடும். வெறும் வெள்ளைத் தாளில் எழுதினால் வரி மலையேறும். புள்ளித்தாளில் இரண்டு தொல்லையும் இல்லை. 0.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளி, தன் கட்டத்தில் இருநூறில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கிறது. எழுதி முடித்ததும் அது இருப்பதே தெரியாது.

இவ்வளவு சிறிய புள்ளி எப்படிக் கோட்டின் வேலையைச் செய்கிறது? 1923இல் உளவியலாளர் மக்ஸ் வெர்தைமர், தாளில் புள்ளிகளை வைத்தே இதை விளக்கினார். அருகருகே இருக்கும் புள்ளிகளைக் கண் தானாகவே ஒன்று சேர்த்துக்கொள்ளும். கிடையாக நெருங்கியிருந்தால் வரியாகத் தெரியும், செங்குத்தாக நெருங்கியிருந்தால் நிரலாகத் தெரியும். இரு பக்கமும் இடைவெளி ஒன்றேயென்றால் எதுவும் முந்துவதில்லை. எழுதும்போது வரியையும் அட்டவணை போடும்போது நிரலையும் கண் எடுத்துக்கொள்கிறது.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஏ-5 தாளின் அகலம் 148 மில்லிமீற்றர், உயரம் 210. ஓரம் விட்டால் குறுக்கே 28 கட்டம், நெடுக்கே 40. 28ஐ 7ஆல் வகுத்தால் 4. அதாவது வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் 2 சென்ரிமீற்றர், மிச்சம் மீதி இல்லை. மாதத் திட்டத்தைக் குறுக்கே போட்டால் 31 நாள் அடங்காது. தேதிகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். தலைப்புக்கு 9 வரிசை மிஞ்சும். குறுக்கே கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று பாடங்கள். படித்த நாளில் அந்தக் கட்டத்தை நிரப்பினால் போதும். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில், எந்தப் பாடத்தைத் தொடாமலே தள்ளிக்கொண்டு வருகிறோம் என்று அந்தப் பக்கமே காட்டிக் கொடுத்துவிடும்.

தேயிலைத் தோட்டத்துக்கு இந்த அட்டவணை பழையது. தோட்டத்து ஆபீஸின் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஒரு பக்கம் பெயர்கள், மறுபக்கம் தேதிகள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் முழு நாள் சம்பளத்துக்கு முழுப் பேரா, பாதிக்கு அரைப் பேரா என்ற குறி. மாதச் சம்பளம் அந்தக் கட்டங்களின் கூட்டல். கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் விழுந்தால், மலையில் நின்றவருக்கு அந்தக் கட்டத்தில் கை வைக்க முடியாது. பிள்ளையின் கொப்பியிலோ பிள்ளையே கணக்கப்பிள்ளை. ஒரு நாள் காலியாகக் கிடந்தால் யாரும் பிடித்தம் செய்யப்போவதில்லை. நாள் திட்டத்தை வீட்டார் போட்டுக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

அந்தத் திட்டத்தில் போடும் குறிகளுக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கரோல் 2013இல் வெளியிட்ட முறையிலிருந்து கடன் வாங்கலாம். செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்ததும் அதன் மேலேயே பெருக்கல் குறி, நாளைக்குத் தள்ளினால் அம்புத்தலை. வண்ண ஒட்டுப்படம், பூ வேலையெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. பரீட்சைக் காலத்தில் அவற்றுக்குச் செலவாகும் நேரம் எனக்கு வீணாகத்தான் படுகிறது.

உயர்தர இரசாயனம் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதுரமாக அடுக்கிய புள்ளிகளை மட்டும் இணைத்துச் சமபக்க முக்கோணம் வரையவே முடியாது. கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை இது. ஒழுங்கான அறுகோணமும் வராது. பென்சீன் வளையம் நேர்த்தியாக வர வேண்டுமென்றால், அடுத்தடுத்த புள்ளிகள் எல்லாப் பக்கமும் சம தூரத்தில் இருக்கும் இடைப்புள்ளித் தாள் வேண்டும். அந்தத் தாளில் கனசதுரத்தையும் முப்பரிமாணமாக வரையலாம்.

நுவரெலியாப் பக்கம் இன்னொரு சங்கடம், ஈரம். தாளின் நார் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெல்லிய தாளில் நீர் கலந்த மை பரவும், பின்பக்கமும் ஊறும். எண்ணெய்ப் பசையுள்ள மை கொண்ட சாதாரண போல்பொயின்ட் பேனையே இங்கு நல்லது.

விலை கூடிய கொப்பியைத் தேடி ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வரைபுத் தாளின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்தால் கோடுகள் தெரியும். 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி வையுங்கள். கறுப்புப் பேனை வேண்டும், பென்சில் புள்ளி போட்டோ கொப்பியில் சரியாக விழாது. ஏ-5 பக்கத்துக்கு 29க்கு 41 என 1,189 புள்ளிகள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும், பிறகு வேண்டிய அளவு பிரதி எடுக்கலாம். வீட்டில் கோலம் போடுகிறவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்; வரிசை பிசகாது. ஒரு தவணை முழுவதும் அந்தத் தாள்களில் எழுதிய பிறகும் ஆசை குறையவில்லையென்றால், அப்போது கடைக் கொப்பியை வாங்குங்கள்.