அதிமதுரமும் வயிற்றுப்புண்ணும்

நாட்டு மருந்துக் கடைகளில் குச்சி குச்சியாகக் கிடைக்கும் அதிமதுரம், அவரைக் குடும்பச் செடி ஒன்றின் வேர். அதிலுள்ள கிளிசிரைசின் சர்க்கரையைவிட ஏறத்தாழ 50 மடங்கு இனிப்பானது. வயிற்றெரிச்சலுக்கும் புண்ணுக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் தலைமுறைகளாக இதைக் கொடுத்துவருகிறார்கள். இத்தகைய வேர் இரைப்பையைக் காக்கிறதா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்களில் வகுத்த முறைகள் உண்டு.

வேரைப் பொடித்து, நீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்து, வடித்து வற்றவைக்கிறார்கள். நச்சுத்தன்மையைப் பார்த்த பிறகு, ஒரு நாள் பட்டினி போட்ட எலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு வெறும் நீர். சில குழுக்களுக்கு வெவ்வேறு அளவில் சாறு. இன்னொன்றுக்கு ஒமெப்ரசோல் போன்ற தெரிந்த மருந்து. பிறகு இரைப்பையைப் புண்ணாக்குகிறார்கள். எப்படிப் புண்ணாக்குகிறார்கள் என்பதில்தான் சோதனையின் நுட்பமே இருக்கிறது. சாராயம் சளிப்படலத்தை நேரடியாக அரிக்கும். இண்டோமெதசின் என்ற வலிமாத்திரை, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துவிடும். மற்றொரு முறையில் இரைப்பையின் கீழ்வாயைக் கட்டி அமிலத்தைத் தேங்கவிடுவார்கள். அமிலத்தைக் குறைக்காமலே சாராயப் புண்ணைத் தடுக்கும் மூலிகை, சுவருக்குத்தான் பலம் சேர்க்கிறது என்று ஊகிக்கலாம்.

முடிவில் எலியைக் கொன்று, இரைப்பையைப் பெருவளைவு ஓரமாகக் கீறி, உப்புநீரில் அலசி, பலகையில் ஊசி குத்தி விரிக்கிறார்கள். காப்பில்லாத இரைப்பையில் கருஞ்சிவப்புக் கோடுகள் நீளநீளமாகத் தெரியும். உருப்பெருக்கியின் கீழ் அவற்றை எண்ணி அளந்து புண் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது; தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

எலியோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. 1946-ல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாறு சாப்பிட்டவர்களுக்கு இரைப்பைப் புண் ஆறுவதைப் பதிவுசெய்தார். ஐவரில் ஒருவருக்கு உடல் வீங்கியதையும் அவர் கவனித்தார். அதிமதுரத்திலிருந்து உருவான கார்பெனாக்சலோன் மாத்திரை இரைப்பைப் புண்ணை ஆற்றுவதை 1962-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால் குழு காட்டியது. வீக்கம் அப்போதும் தொடர்ந்தது.

காரணம் பின்னால் விளங்கியது. கிளிசிரைசினிலிருந்து உடலில் உண்டாகும் அமிலம், புரோஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் நொதியை அடக்குகிறது. புண் ஆற அது உதவும். அதே அமிலம் சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை முடக்கும் நொதியையும் அடக்குவதால் உப்பும் நீரும் உடலில் தங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சில மணி நேரத்தில் முடியும் எலிச்சோதனையில் இந்தக் கேடு தெரியவே தெரியாது. கிளிசிரைசினை நீக்கிய அதிமதுரத்தால் வீக்கம் வரவில்லை. ஆனால் 1978-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் அது போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவும் இல்லை.

1982-ல் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்தெடுத்தார்கள். அதன்பிறகு ஆய்வாளர்கள் மூலிகைகளை அந்தக் கிருமிமீதும் சோதிக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் கிருமியைத் தடுக்கும் சாறு, அமிலமும் சளியும் நிறைந்த இரைப்பையில் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. கிருமியால் வந்த புண்ணுக்கு இன்றும் நுண்ணுயிர்க்கொல்லிகளோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சையே தரப்படுகிறது. ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது.