மலையிறங்கு சைக்கிள்: பின்சில்லைப் பாருங்கள்

யுத்த காலத்தில் அரிசி மூடையும் காயக்காரரும் சைக்கிளில்தான் போயினர். சைக்கிளை மதிப்பிட எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஹற்றன், நுவரெலியாத் தேயிலைச் சரிவுகளின் கல்றோட்டில் இறங்குவதற்கு அளவுகோல் வேறு.

மலையிறங்கு சைக்கிளின் சொக்குகள் முன்னும் பின்னும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் அமுங்கும். அந்த எண்ணை நான் பெரிதாக எடுப்பதில்லை. பின்சில்லு கல்லில் மோதினால் எப்பக்கம் நகர்கிறது என்றே பார்ப்பேன். சில புதிய பிரேம்களில், சில்லைத் தாங்கும் கையின் பிணைச்சல் உயரத்தில் இருக்கும். சில்லு மேலெழும்போதே பின்னாலும் விலகும். கல் அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் செயின் இழுபட்டு, பெடல் காலை உதைக்கும். அதைக் குறைக்கத்தான் பிணைச்சலருகே ஒரு சிறு கப்பி.

நல்ல யோசனைதான். ஆனால் மலையக மழைச் சேற்றில் கப்பியும் பெயரிங்கும் தேயும். சரிவில் செயின் சிக்கினால் விழுவது பிள்ளை. மாற்றுக் கப்பி பக்கத்துக் கடையில் கிடைக்காத பிரேமை, எவ்வளவு புதுமையானாலும், தோட்டத்துப் பிள்ளைக்கு வாங்கச் சொல்லமாட்டேன்.