புது பைக்கும் மலை இறக்கமும்

உதகையின் பெர்ன்ஹில் வட்டாரத்தில் புது பைக் எடுத்திருக்கிறீர்களா? சமவெளியில் தெரியாத கோளாறை மலை காட்டிக்கொடுத்துவிடும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கியர் நழுவி நியூட்ரலுக்குப் போனால் இன்ஜினின் பிடிமானம் போய்விடும். பாரம் முழுவதும் பிரேக் மீதுதான்.

ஆனால் எடுத்த எடுப்பில் கியர்பாக்ஸைத் திட்டாதீர்கள். புது கிளட்ச் கேபிள் ஓட ஓடத் தளரும். அதைச் சரிசெய்ததுமே கியர் சிக்குவது நின்றுவிடலாம். வளைவில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்று, பிறகு ஹேண்டிலின் பேரிங்கான கோன்செட்டின் இறுக்கம் பாருங்கள்.

அப்படியும் தீரவில்லையா? ஒவ்வொரு சர்வீஸிலும் குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'பார்த்துக்கலாம் சார்' என்ற வாய்ப்பேச்சு எங்கும் சாட்சியாகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கோவையில் வாங்கிய வண்டியானாலும், நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வண்டி விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.